கழுத்துக் கறி

இறைச்சிப் பொட்டலத்தைப் பிரித்த முதல் நாளே ஒச்சப்பனுக்குத் தெரிந்துவிட்டது, அது வண்டி இழுத்த மாடு என்று.

பூப்பாறைக் கடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஜீப்பில் வந்திருந்தது அந்தப் பொட்டலம். தேக்கிலையில் சுற்றி வாழைநாரால் கட்டியிருந்தார்கள். உள்ளே நான்கு துண்டுகள். பங்களாக் குசினியின் மரப்பலகையில் அவற்றைப் பரப்பி வைத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தொட்டுத்தான் ஆக வேண்டும். அதற்காகத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"நினக்கு மனசில்லெங்கில் வேண்டா ஒச்சப்பா. வேற ஆளு பாக்கலாம்," என்றார் சூசம்மா. குசினி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

போடிமெட்டைத் தாண்டிக் கேரள எல்லைக்குள் இருந்த அந்த ஏலத்தோட்டம் அவருடைய கணவர் குரியனுடையது. ஆவணி மழையில் பாசி பிடித்த படிக்கட்டில் வழுக்கி விழுந்து சூசம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்துபோனது. இருந்த சமையல்காரன் அதற்கு முன்பே மூணாறு பக்கம் போய்விட்டான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவும் பகலும் ஒரே சீராக அனலைக் காத்துவந்தவன் ஒச்சப்பன். தீ கூடினால் காய் வெளுத்துவிடும், குறைந்தால் பூசணம் பூத்துவிடும். அவன் பார்த்த காய் எப்போதும் பச்சையாகவே இறங்கும். "தீயறிஞ்ச ஆளு," என்று குரியன்தான் அவனைக் குசினிக்கு அனுப்பினார்.

கோழியும் மீனும் அவனுக்குப் புதிதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலம்தான் புதிது.

ஒச்சப்பன் ஆட்காட்டி விரலை மட்டும் நீட்டி, இருப்பதிலேயே கருத்த துண்டின் மேல் வைத்தான். குளிர்ந்து கிடந்தது. விரலுக்கு அடியில் சதை கயிறு கயிறாக ஓடியது. அந்தக் கயிறு அவனுக்குத் தெரியும். திமிலுக்கு முன்னால், நுகத்தடி பதிகிற இடம். ஏற்றத்தில் மாடு கழுத்தைத் தாழ்த்தி முக்கும்போது அங்கேதான் புடைக்கும். பொழுதெல்லாம் வேலை செய்த மாட்டுக்குச் சாயங்காலம் விளக்கெண்ணெய் தடவி நீவி விடுவதும் அங்கேதான்.

"கொச்சம்மா, இது கழுத்து."

"அதே. நாலையும் கல்லில் இட்டு வாட்டணும். சாருக்கு ஸ்டேக்கு."

சூசம்மா சொல்லச் சொல்ல ஒச்சப்பன் செய்தான். உப்பும் தோட்டத்து மிளகும் தடவி, கனத்த இரும்புக்கல்லைப் புகையக் காயவைத்து, வெண்ணெய் போட்டு, நான்கு துண்டுகளையும் ஒன்றுபோலப் புரட்டி எடுத்தான். வாசனை எழும்பியபோது மூச்சை அடக்கிக்கொண்டான். குரியன் மேசையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். தட்டு திரும்பி வந்தபோது அதன் ஓரத்தில் மென்று துப்பிய சக்கையும், கத்தி இறங்காமல் கைவிட்ட துண்டுகளும் ஒதுக்கிக் கிடந்தன. சூசம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒதுக்கியதை எல்லாம் நாய்க்குப் போட்டார்கள்.

ஒச்சப்பன் குழாயடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டு நின்றான்.

பொட்டிபுரத்தில் அவனுக்கு நாலு ஏக்கர் மானாவாரியும் ஒரு ஜோடி மாடும் இருந்தன. ஒன்று மயிலை, ஒன்று செவலை. இரண்டு வருஷம் மழை பொய்த்தது. எழுபத்தைந்தாம் வருஷக் கோடையில் கூரையில் வேய்ந்த சோளத்தட்டையைக்கூட உருவி மாட்டுக்குப் போட்டார்கள். அதுவும் தீர்ந்தபோது பெரியப்பா மகன் பால்சாமி ஒரு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மலைக்கு அங்கிட்டு வண்டி மாடு வேணுமாம்டா," என்றார். அந்தச் செங்குத்து மலையில் எவன் மாட்டுவண்டி ஓட்டுகிறான் என்று அங்கே நின்ற யாரும் கேட்கவில்லை. ஒச்சப்பனும் கேட்கவில்லை. வைக்கோல் இல்லாத தொழுவத்தில் இரண்டு உயிர் நிற்பதைப் பார்ப்பதைவிட, கேட்காமல் இருப்பது சுலபமாக இருந்தது. மூக்கணாங்கயிற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, தும்புக்கயிற்றை வியாபாரி கையில் கொடுத்தான். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மனைவி மாயக்காளை வீட்டில் விட்டுவிட்டு அடுத்த வாரமே மலையேறினான்.

இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை பொட்டலம் பிரிந்ததும் சூசம்மா கல்லைக் காயவைக்கச் சொன்னார். ஒச்சப்பன் நகரவில்லை.

"கொச்சம்மா, ஒண்ணு சொல்லலாமா?"

"பறயு."

"நாலும் ஒரே மாடுதேன். ஆனா நாலும் ஒரே சோலி பாத்ததில்ல. இந்தா, இது தண்டுவடத்துக்கு அடியில, உள்ளாற கிடக்கிறது. மாடு நடந்தாலும் படுத்தாலும் இதுக்குச் சோலியே கிடையாது. தொட்டாலே குழையும். இது முதுகு மேல் சதை. லேசா உழைச்சது. இது பின்னந்தொடை, உந்தித் தள்ளுற இடம். இது கழுத்து. மொத்தப் பாரமும் இதுலதேன். எல்லாத்தையும் ஒரே தீயில போட்டா எப்படிம்மா?"

சூசம்மா அவனையே பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, சமையல்காரன் இருந்தபோதும், இருபத்தெட்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே நான்கையும் ஒரே கல்லில்தான் வாட்டிக்கொண்டிருந்தார். குரியன் இளவயதில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது பழகிய சாப்பாடு அது. துரையின் சமையல்காரன் செய்ததுபோல ஒருநாளும் வரவில்லை என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. தட்டோரம்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

"பின்னே எங்ஙன செய்யணும்?"

"உள்சதையையும் முதுகையும் மட்டும் கல்லுல போடுவோம். தொடையை நாருக்குக் குறுக்க மெல்லிசா அரிஞ்சு, தட்டி, கண்மூடித் திறக்கிறதுக்குள்ள எடுத்திருவோம். கழுத்தை எனக்கு விட்டுருங்க. அதுக்கு அவசரம் ஆகாது."

கழுத்துக் கறியைப் பெரிய துண்டாகவே மண்சட்டியில் வைத்து, வெங்காயமும் மிளகும் கொஞ்சம் வினிகரும் சேர்த்து, மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, ஸ்டோரில் ஏலக்காய்க்கு வைப்பதுபோல அடங்கிய கங்கில் வைத்தான். காலைப் பூசைக்குப் போன குரியன் திரும்பி வந்து, பேப்பர் படித்து, தோட்டத்தைச் சுற்றி வரும் வரை அது அங்கேயே இருந்தது. மூடியைத் திறந்தபோது கயிறெல்லாம் தளர்ந்து கரண்டிக்கே பிரிந்தது.

அன்று தட்டு வெறுமையாகத் திரும்பி வந்தது. சூசம்மா அதை இடது கையில் வாங்கிக்கொண்டு, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அப்புறம் சட்டென்று உள்ளே போய்விட்டார். அவர் அழுதாரா என்று ஒச்சப்பனுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் அவன் பொறுப்பாயின. சூசம்மா உள்சதையை அண்டர்கட் என்பார், பின்தொடையை ரம்ப் என்பார். ஒச்சப்பன் வாயில் அவை நுழையவில்லை. அவனுக்கு முன்னது சோலியில்லாச் சதை, சாட்டையடி விழுகிற பின்னது சாட்டைச் சதை. கறியைக் காலையிலேயே உப்புத் தடவி வைத்துவிட வேண்டும், கல்லில் போடும் முன் துணியால் ஈரம் ஒற்ற வேண்டும் என்றெல்லாம் சூசம்மா சொல்வார். எடுத்ததும் வெட்டக் கூடாது, சற்று நேரம் ஆற விட வேண்டும் என்றபோது அவனுக்குச் சொல்லாமலே புரிந்தது. நுகத்திலிருந்து அவிழ்த்த மாட்டுக்கு உடனே தண்ணீர் காட்டக் கூடாது. கொஞ்சம் நின்று மூச்சு வாங்க வேண்டும். கறி அவனைப் பொறுத்தவரை மாடாகவே இருந்தது. அதனால்தான் அவனால் அதைச் சரியாகச் சமைக்க முடிந்தது. அதனால்தான் ஒரு துண்டைக்கூட வாயில் வைக்கவும் முடியவில்லை.

ஊருக்குப் போகும்போதெல்லாம் மாயக்காளிடம் "குசினியில சோலி" என்று மட்டும் சொன்னான்.

மாசி பிறந்ததும் பால்சாமி வந்தார். சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு, பூசைச் சாமான் வைத்த சாமிப் பெட்டியைத் தூக்கிப்போவது அவர்கள் வகையறாவில் முறை வைத்து வருவது. அந்த வருஷம் ஒச்சப்பனின் முறை. நேரில் சொல்லிக் கூட்டிப்போக ஏலக்காய் லோடு ஏற்ற வந்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தவர், ஆள் எங்கே என்று விசாரித்து நேரே குசினிப் பின்வாசலுக்கு வந்துவிட்டார். அன்று ஞாயிற்றுக்கிழமை.

ஒச்சப்பன் கத்தியும் கையுமாகப் பலகை முன் நின்றுகொண்டிருந்தான். "வாங்கண்ணே" என்று சொல்ல வாயெடுத்தான். பால்சாமி பலகையைப் பார்த்தார். தேக்கிலையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

"அண்ணே, தண்ணியாச்சும் குடிச்சிட்டுப் போங்க!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஒச்சப்பன் சிவராத்திரிக்கு ஊருக்கு இறங்கினான். போடியில் பஸ்சை விட்டு இறங்கும்போதே, தெரிந்த முகங்கள் பார்க்காததுபோல் விலகின. கோயில் புளியமரத்தடியில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். பெண்கள் சற்றுத் தள்ளிப் பொங்கல் பானைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். மாயக்காளும் இருந்தாள். அவள் அவனை ஏறிட்டுப் பார்த்த பார்வையிலேயே விஷயம் அவளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது தெரிந்தது.

"பெட்டி தூக்குற கை, என்ன கையின்னு கேட்டுச் சொல்லுங்கப்பா," என்று பால்சாமி ஆரம்பித்தார். "மாட்டை அறுத்துக் கூறு போடுற கைய வச்சு சாமியத் தொடுறதா?"

"அறுக்கல. சமைச்சேன்," என்றான் ஒச்சப்பன்.

"ரெண்டும் ஒண்ணுதேன்."

ஒச்சப்பனுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த சமாதானங்கள் இருந்தன. வயிற்றுப்பாடு, மலைக்குளிர், நான் ஒரு வாய் தின்றதில்லை என்று எத்தனையோ. அத்தனையும் அந்த இடத்தில் காணாமல் போயின.

"அண்ணே, போன கோடையில என் மாட்டுக்கு ஆள் கூட்டியாந்தது யாரு?"

பால்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உங்களக் குத்தம் சொல்ல வரல. நீங்க கூட்டியாந்தீக, நான் கயித்தக் குடுத்தேன். இந்த மரத்தடியில இருக்கவுக எல்லாரும் ஒரு மாடாச்சும் குடுத்திருக்கோம். மலைக்கு அங்கிட்டு என்ன நடக்கும்னு தெரியாமலா குடுத்தோம்? தெரியும். தெரிஞ்சும் பாக்காம இருந்துக்கிட்டோம். அங்க போயி எனக்குப் பாக்க வேண்டியதாப் போச்சு. அவ்வளவுதேன் வித்தியாசம்."

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஒச்சப்பனுக்கு ஜெயித்ததுபோல் இல்லை. ஒரு புண்ணை நாலு பேர் முன்னால் திறந்து காட்டியது போலத்தான் இருந்தது. அவனே மறுபடி பேசினான்.

"என் கை சுத்தம்னு நான் சொல்லல. உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா வேற ஆளு தூக்கட்டும். நான் தள்ளி நின்னு கும்பிட்டுக்கிறேன்."

பெட்டியைப் பால்சாமியின் தம்பி தூக்கினார். ஒச்சப்பன் கூட்டத்தின் கடைசியில் நடந்தான். யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, பக்கத்தில் வரவும் இல்லை.

மறுநாள் காலை வீட்டுக் களத்தில் மாயக்காள் துவரை உதிர்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய் எதிரில் உட்கார்ந்தான். ஒரு பிடி காயை எடுத்துத் தானும் உதிர்க்கத் தொடங்கினான்.

"பெட்டி போனது கூட எனக்குப் பெருசில்ல," என்றாள் அவள், தலை நிமிராமல். "ஊருச் சனம் சொல்லி நான் கேக்க வேண்டியதாப் போச்சுல்ல. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன வெட்டியா போட்டிருப்பேன்?"

"நீ அந்த ரெண்டையும் குளிப்பாட்டி விட்டவ. உங்கிட்ட எப்படிச் சொல்ல?"

"அதனாலதேன் எங்கிட்டச் சொல்லியிருக்கணும்."

அவள் சுளகை ஓரமாக நகர்த்தினாள்.

"தின்னீகளா?"

"இல்ல."

"ருசி பாக்காம எப்படிச் சமைக்கிறது? உப்பு, பதம் எப்படித் தெரியும்?"

ஒச்சப்பன் கொஞ்சம் தயங்கிவிட்டு அவள் கையைப் பிடித்து விரித்தான். பெருவிரலுக்குக் கீழே இருந்த சதை மேட்டைத் தன் விரலால் அழுத்தினான். "கைய விரிச்சு வச்சா மெதுவா இருக்கா? அது பச்சை. இப்பப் பெருவிரலையும் நடுவிரலையும் சேத்து வையி. கொஞ்சம் விறைப்பா இருக்கில்ல? அதுதேன் அந்தச் சார் திங்கிற பதம். கைய மூடிக்கோ. இப்பக் கல்லு. அப்படி ஆச்சுன்னா சோலி முடிஞ்சுச்சு, நாய்தேன் திங்கும்."

மாயக்காள் தன் கையைத் தானே விரித்தும் மூடியும் அழுத்திப் பார்த்தாள்.

"நம்ம மயிலை..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"மொத நாலஞ்சு வாரம் தேடுனேன். தோலு இல்லாம எங்கிட்டு அடையாளம் தெரியப் போகுது? இருந்தாலும் பொட்டலத்தப் பிரிக்கும்போதெல்லாம் தேடுனேன். அப்புறம் ஒருநா தோணுச்சு. இது எவன் வீட்டு மயிலையோ. அவனும் பாக்காமத்தேன் குடுத்திருப்பான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சுளகை எடுத்துப் புடைக்கத் தொடங்கினாள்.

அவன் மலைக்குத் திரும்பியபோது, அங்கே சூசம்மாவுக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. ஜீப்பு டிரைவர் சொல்லியிருக்கிறார். மாவுக்கட்டு எப்போதோ பிரித்தாகிவிட்டது. ஆனால் எலும்பு கோணலாகக் கூடியதால் அவரால் கனமான கல்லைத் தூக்க முடியாது.

"எங்களால் நினக்கு இங்ஙனயாயி," என்றார். "இனி இந்த வீட்டில் அது வேண்டா. சாரும் சொன்னாரு, மீன் மதி, போதும்னு. நீ வேணுமெங்கில் ஸ்டோருக்கே போகாம்."

ஒச்சப்பன் அன்று முழுவதும் ஸ்டோரில் போய் உட்கார்ந்திருந்தான். அனல் பழைய மாதிரியே சீராக இருந்தது. தட்டுகளில் ஏலக்காய் மணத்துக்கொண்டிருந்தது. இங்கேயே இருந்துவிடலாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அடுத்த மாசியில் பெட்டி முறையைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். ஆனால் பூப்பாறைக் கடை மூடப் போவதில்லை. மலையேறுகிற மாடுகளும் நிற்கப் போவதில்லை. இந்த வீட்டில் நிறுத்தினால் அந்தப் பொட்டலம் அடுத்த தோட்டத்துக்குப் போகும். அங்கே எவனாவது கழுத்தையும் தொடையையும் ஒரே கல்லில் போட்டுக் கருக்குவான்.

சாயங்காலம் பங்களாவுக்கு வந்து சூசம்மாவிடம் சொன்னான்.

"எனக்காக நிறுத்தாதீக கொச்சம்மா. இதைச் சமைக்கிறது எனக்குக் கஷ்டம்தேன், இல்லேங்கல. ஆனா அதவிடக் கஷ்டம் ஒண்ணு இருக்கு. பத்து வருசம் இழுத்த கழுத்து அது. வேகாம தட்டோரத்துல ஒதுங்கி நாய்க்குப் போறத மொத நாள் பாத்தேன். அத மறுபடி என்னால பாக்க முடியாது. திங்கிறதுன்னு ஆயிருச்சு, மிச்சமில்லாமத் தின்னாகணும். அதுக்கு நான் பக்கத்துல இருந்தாத்தேன் ஆகும்."

உள்ளறையிலிருந்து பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. குரியன் வாசலுக்கு வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர். "ஒச்சப்பா," என்று மட்டும் சொன்னார். தலையை அசைத்துவிட்டு உள்ளே போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சாப்பாட்டுக்கு முன் அவர் கை கூப்பிச் செபம் சொல்கிற நேரம் நீண்டுவிட்டதாகச் சூசம்மா சொன்னார்.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் போடி ஜீப்பிலிருந்து மாயக்காள் இறங்கினாள். தலையில் ஒரு சட்டிபானைக் கூடை, கையில் ஒரு துணிமூட்டை. ஒச்சப்பன் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவளையே பார்த்தான்.

"என்ன பாக்குறீக? காட்டைக் குத்தகைக்கு விட்டுட்டேன். காய் பறிக்கிற சோலி இருக்காம்ல, கொச்சம்மா சொல்லி விட்டாக," என்றாள். தோட்டத் தொழிலாளர் லயத்தில் கொடுத்த ஒற்றை அறையைக் கூட்டிப் பெருக்கி அடுப்பு மூட்டியதும், முதல் வேலையாக ஒரு சட்டத்தைப் போட்டாள். "குசினியில இருந்து வந்தா வெளியிலயே குளிச்சிட்டுத்தேன் வாசப்படி ஏறணும். துணியையும் வெளிய போட்டுறணும். உங்களுக்கு உங்க நியாயம், எனக்கு என் நியாயம்."

"சரி," என்றான் ஒச்சப்பன். அது சரியாகத்தான் பட்டது.

ஆனி மழை கொட்டத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து லயத்துக்கு வருவான். கதவுக்கு வெளியே வாளியில் தண்ணீர் நிறைத்து வைத்திருப்பாள். பல் கிட்டிக்கப் பச்சைத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, அவள் நீட்டுகிற வேட்டியை மாற்றிக்கொண்டு உள்ளே போய் அடுப்பருகில் உட்கார்வான். சோறு போடுவாள். அன்றைக்கு என்ன சமைத்தான் என்று அவள் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை. அப்படியே நான்கு ஞாயிறு போனது.

ஐந்தாவது ஞாயிறு மத்தியானம் காற்றும் மழையுமாக மலையே தெரியவில்லை. பங்களாவிலிருந்து லயம் வரும் கொஞ்ச தூரத்திலேயே மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்குக் கொங்காணி ஊறி, ஒச்சப்பன் நடுங்கிக்கொண்டு வந்தான். வாளியைக் காணோம். சுற்றுமுற்றும் பார்த்தான். கதவு பாதி திறந்திருந்தது. மாயக்காள் உள்ளே அடுப்பின் முன் உட்கார்ந்து விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எங்க?" என்றான் வெளியிலிருந்தே.

"எடுத்து வைக்கல."

"பொறகு குளிக்க?"

அவள் கஞ்சியைக் கும்பாவில் ஊற்றினாள்.

"நேத்துப் பறிப்புக்குப் போன பொம்பளைகள்ல பாதிப் பேருக்குக் காச்ச. இந்தக் குளிர்ல நீங்களும் படுத்தா நான் என்ன செய்ய?" என்றாள். அடுப்பின் பக்கத்தில் இருந்த சாக்கை இழுத்து விரித்தாள். "காலை மட்டும் தொடச்சிட்டு வெரசா உள்ள வாங்க. கஞ்சி ஆறுது."

ஒச்சப்பன் கொங்காணியைக் கழற்றி வெளியே தொங்கவிட்டான். வாசற்படியில் ஒரு கணம் நின்றுவிட்டு உள்ளே போனான். அவள் நீட்டிய கும்பாவை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டான். அவன் கை நடுக்கம் நிற்கும் வரை அவள் தன் கையை அதன் அடியிலிருந்து எடுக்கவில்லை.